ஒரு புடவைக்கு ஏழு போணி

1

செய்யாத தவறுக்காக ஒரு மனிதருக்கு வேலை போனது. அந்தத் தவறைச் செய்தவன் நான். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அந்த வாக்கியம்தான் அவரை வீட்டுக்கு அனுப்பியது.

அவர் பெயர் லோகநாதன். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் என் மைத்துனன் ஏகாம்பரத்தின் பட்டுக்கடையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் என் மனைவி கமலாவின் தம்பி. ஒரே புடவையை ஏழு குடும்பங்களுக்கு விற்றார் என்பது லோகநாதன் மேல் விழுந்த பழி. விற்றது அவரில்லை. ஜெர்மனியில் உட்கார்ந்து நான் எழுதிய ஒரு மென்பொருள்.

இந்த நாட்டுப் பனியைப் பற்றி உங்களுக்கு எழுதியிருக்கிறேன். ரொட்டியைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்தால் போலீஸ் வரும் கதையைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுச் சிரித்ததாக ஊரிலிருந்து பலர் சொன்னதுண்டு. இதை மட்டும் எழுதவில்லை.

2

இப்போது எழுத வைத்தது ஒரு குப்பைத்தொட்டி.

நாங்கள் இருப்பது ரைன் நதிக்கரையில் ஒரு சின்ன ஊர். பக்கத்து வீட்டில் ஹில்டா அம்மாள் தனியாக இருக்கிறார். என்னைவிட மூத்தவர், இன்னும் கார் ஓட்டுகிறார். போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், சாவு வீட்டுக்குப் போகிறவர் போலக் கறுப்புக் கோட்டு அணிந்து நின்றார். காரைப் பின்னால் எடுக்கும்போது என் குப்பைத்தொட்டியில் இடித்துவிட்டதாகவும், மூடியில் விரிசல் விழுந்துவிட்டதாகவும், அதற்கு முழுப் பொறுப்பும் தன்னுடையது என்றும் சொன்னார்.

நான் நம் வழக்கப்படி பரவாயில்லை என்றேன். ஒன்றும் ஆகவில்லை என்றேன். உள்ளே வந்து காபி குடியுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. விரிசல் இருக்கும்போது ஒன்றும் ஆகவில்லை என்று நான் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார்.

அந்தத் தொட்டி எனக்குச் சொந்தமும் இல்லை. நகராட்சியுடையது. ஹில்டா அம்மாள் தன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினார். நிறுவனம் நகராட்சிக்கு எழுதியது. நகராட்சி எனக்கு எழுதியது: என் பொறுப்பிலிருந்த தொட்டி சேதமானதை நான் ஏன் தெரிவிக்கவில்லை? பதில் எழுதினேன். சேதத்துக்கு முன் தொட்டி எப்படி இருந்தது என்று காட்டும் புகைப்படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். குப்பைத்தொட்டியை யார் படம் எடுத்து வைப்பார்கள்? ஹில்டா அம்மாள் வைத்திருந்தார். செத்துப்போன தன் பூனையை எப்போதோ எடுத்த படத்தில், பூனையின் வாலுக்குப் பின்னால், என் தொட்டி விரிசலில்லாத மூடியோடு நின்றது. அதைப் பெரிதாக்கி எனக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று என்று அனுப்பிவைத்தார். பூனை படத்தில் மங்கலாகிவிட்டதில் அவருக்கு வருத்தம்.

இந்த அமர்க்களத்துக்கு நடுவில் ஒருநாள் வேலி ஓரமாக நின்று கேட்டேன். இத்தனை சிரமம் எதற்கு, நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காதே என்று. என் ஜெர்மன் மொழி இத்தனை வருடத்துக்குப் பிறகும் முன்னுக்குப் பின்னாகத்தான் வரும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“எனக்குத் தெரிந்திருக்குமே.”

நான் வீட்டுக்குள் வந்து கமலாவிடம் லோகநாதன் விஷயம் எல்லாவற்றையும் சொன்னேன்.

3

என்னுடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டுக்கடையை வைத்தே சொல்கிறேன்.

கடையின் முன்பக்கம் விற்பனையாள் உட்கார்ந்திருக்கிறார். சரக்கு பின்பக்கக் கிடங்கில். வாடிக்கையாளர் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எழுந்துபோய்ப் பார்த்துவந்தால் பொழுது போய்விடும். அதனால் கிடங்கில் என்ன இருக்கிறது என்பதை அவர் மனதில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே “இருக்குதுமா” என்கிறார். கம்ப்யூட்டரில் இப்படி மனதில் வைத்துக்கொள்ளும் வேலைக்குக் ‘கேஷ்’ என்று பெயர். பெரிய கடை என்றால் பல விற்பனையாட்கள்; எல்லோர் மனதிலும் ஒரே கணக்கு இருக்க வேண்டும். ஒரு புடவை விற்றுப்போனால் கிடங்கிலிருந்து ஒருவர் “அது போச்சு” என்று கூவுவார். எல்லோரும் அதை மனதிலிருந்து அழித்துவிட வேண்டும். பல கம்ப்யூட்டர்களில் பரவிக் கிடக்கும் இந்த மனக்கணக்கைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளைத்தான் எங்கள் நிறுவனம் விற்றது.

அதில் என் பங்கு இதுதான். கூவுகிறவர் கூவும்போதே மயக்கம் போட்டு விழுந்துவிட்டால்? அதாவது, நாங்கள் எவரும் எதிர்பார்த்திராத ஒரு பிழை நடுவில் வந்துவிட்டால்? அப்போது வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும்: ‘இங்கே ஏதோ ஆகிவிட்டது, என்னவென்று எனக்கும் புரியவில்லை, நான் சொல்வதைக் கொஞ்ச நேரம் நம்பாதீர்கள்.’ இந்த அறிவிப்பை அனுப்பும் பகுதி என்னுடையது.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் அனுப்பினேன். அறிவிப்புப் போனதும் வாடிக்கையாளர் போன் செய்வார். என்ன பிழை என்பார். எதிர்பாராத பிழை என்பேன். ஏன் எதிர்பார்க்கவில்லை என்பார். ஒரு காலணிக் கடைக்காரர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டு, இந்த வாரம் பிழை எதுவும் வரவில்லையே, உங்கள் மென்பொருள் வேலை செய்கிறதா என்று கேட்பார். எனக்கு அலுத்துப்போனது. ஒருநாள் பிழையைப் பிடிக்கும் இடத்தில் இருந்த அறிவிப்பு வரிகளை எடுத்துவிட்டேன். பிழை வரும், என் நிரல் அதைப் பிடிக்கும், பிடித்து ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும். நடந்தது, யாரும் திறந்து பார்க்காத ஒரு கோப்பின் அடியில் பதிவாகும். வாடிக்கையாளர் திரையில் பச்சை எழுத்தில் ‘பிழைகள்: 0’ என்று வரும்.

வாடிக்கையாளர் புகார்கள் அடியோடு நின்றன. நிறுவனத்தில் எனக்கு ஒரு கேக் வெட்டினார்கள். அதன்மேல் கிரீமில் பெரிய பூஜ்யம் ஒன்று போட்டிருந்தார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

4

ஏகாம்பரம் இணையத்தில் கடை போடப்போவதாகச் சொன்னபோது நான் விடுமுறையில் காஞ்சிபுரத்தில் இருந்தேன். அவன் கடைக்கு எங்கள் மென்பொருள் தேவையே இல்லை. அவன் கிடங்கு ஒரு அறை. ஆனால் மச்சினன் வீட்டில் எனக்கு வெள்ளித் தம்ளரில் காபி கொடுப்பார்கள். கடைக்கு வரும் பெரிய மனிதர்களிடம், மாமா ஜெர்மனியில சாஃப்ட்வேர் எழுதுறாரு என்று அறிமுகப்படுத்துவான். அந்தப் பேச்சைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பரிந்துரைத்தேன். சலுகையும் வாங்கிக்கொடுத்தேன்.

சர்வர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, நல்ல நேரத்தில் இயக்கினார்கள். ஒரு மண்டலம் முடியும்வரை அதை அணைக்கக் கூடாது என்று ஏகாம்பரம் உத்தரவு போட்டான். கரண்டு போனாலும் அது ஓட வேண்டும் என்று தனியாக ஒரு ஜெனரேட்டர் வைத்தான். கோயில் அணையா விளக்குக்குக்கூட அவ்வளவு கவனிப்பு இருந்திருக்காது.

முதலில் ஏற்றிய சரக்கு, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரையும் தாழம்பூ ரேக்கும் போட்ட ஒரு முகூர்த்தப் புடவை. ஒன்றே ஒன்று. புதுக்கணக்கில் முதல் வரிக்குப் பிள்ளையார் சுழி போடாமல் எப்படி? லோகநாதன் அந்தப் புடவையின் சரக்கு எண்ணுக்கு முன்னால் ‘உ’ என்று தட்டினார். ஏகாம்பரம் பக்கத்தில் நின்று கும்பிட்டான்.

சரக்கு எண்ணில் ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும்தான் வரும் என்று நான் நினைத்து எழுதியிருந்தேன். காஞ்சிபுரத்துக்காரன் எழுதிய நிரல், பிள்ளையார் சுழியைக் கண்டதும் தடுக்கி விழுந்தது.

முதல் நாளே அந்தப் புடவை சேலத்தில் ஒரு குடும்பத்துக்கு விற்றது. கிடங்கிலிருந்து ‘அது போச்சு’ என்ற கூவல் கிளம்பி, சுழியில் இடறி, பாதியில் நின்றது. இணையதளத்தில் புடவை அப்படியே இருந்தது. அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது நமக்கு இரவு. மறுநாள் காலை கற்பூரம் காட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தால், முதல் ஆர்டர் அதே புடவைக்கு, டெக்சாஸிலிருந்து.

லோகநாதன் உடனே சொல்லியிருக்கிறார், சரக்கு இல்லை, ரத்து செய்துவிடலாம் என்று. ஏகாம்பரம் அதிர்ந்துபோயிருக்கிறான். போணியையா? அன்றைய முதல் வியாபாரத்தை எவனாவது திருப்புவானா? திருப்பினால் அன்று முழுக்கக் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். நெய்தவரையே கூப்பிட்டு அச்சு அசலாக இன்னொன்று நெய்யச் சொன்னான்.

மூன்றாம் நாள் அதே புடவைக்கு இரண்டு ஆர்டர். இரண்டாவது போணி இல்லை என்பதால் அதை மட்டும் ரத்து செய்தார்கள். நான்காம் நாள் மறுபடி போணி. லோகநாதன் அதற்குள் புடவையைப் பட்டியலிலிருந்தே நீக்கிப் பார்த்துவிட்டார். நீக்கிய செய்தியும் அதே சுழியில் இடறி விழுந்தது. சர்வரை ஒரு தடவை அணைத்து எழுப்பினால் சரியாகும் என்று கெஞ்சியிருக்கிறார். மண்டலம் முடியவில்லையே. இப்படியே ஏழு போணி.

நெய்தவர் பிள்ளையார்பாளையத்துக்காரர். லோகநாதனுக்கும் அதே தெரு. ஏகாம்பரத்துக்குக் கணக்கு சரியாகப்போனது. இரண்டு பேரும் கூட்டு. தறிக்கு வேலை வரட்டும் என்று கம்ப்யூட்டரில் ஏதோ தில்லுமுல்லு. திரையோ, பிழை பூஜ்யம் என்கிறது.

5

அப்போதுதான் ஏகாம்பரத்தின் போன் வந்தது. கடையில் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். பின்னால் மின்விசிறிச் சத்தமும் புடவை உதறும் சத்தமும் கேட்டன. லோகநாதனும் எதிரில் நிற்கிறார் என்றான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே அவர்கள் சர்வரை இங்கிருந்து திறந்து, யாரும் பார்க்காத அந்தக் கோப்பின் அடிக்குப் போனேன். வரிசையாக இருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரு ‘உ’.

“மாமா, ஒரே வார்த்தை சொல்லுங்க. உங்க சாஃப்ட்வேர் தப்பு பண்ணுமா?”

நான் சொன்னேன்: “பிழை இருந்தா அதுவே சொல்லிடும்பா.”

பிறகு தூரத்திலிருந்து லோகநாதன் குரல். “சரிங்க. சாவியை யார்கிட்ட குடுக்கறது?”

அந்த வாரமே நிரலைத் திருத்தினேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்தலாம் என்பது எங்கள் மென்பொருளின் சிறப்பு. அணைக்க வேண்டியதில்லை, மண்டலத்துக்கும் பங்கம் இல்லை. லோகநாதன் போன சில நாட்களில் புடவையும் இணையதளத்தை விட்டுப் போனது. அவன் இருந்தவரைக்கும் இருந்தது, அவன் போனதும் போச்சு என்று ஏகாம்பரம் கடை முழுக்கச் சொன்னான். அவர் குற்றவாளி என்பதற்கு நான் செய்த திருத்தமே சாட்சியாகிவிட்டது. அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

6

இதைக் கேட்டதும் கமலா பருப்பைக் கிளறுவதை நிறுத்தினாள். இத்தனை வருஷம் என்கிட்டயே சொல்லலையே என்றாள். பிறகு, சொன்னால் தன் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது என்றாள். பிறகு, சொல்லாமல் என் முகத்தில் எப்படி விழிப்பது என்றாள். அன்று சாம்பார் வைக்கவில்லை.

ஹாம்பர்க்கில் இருக்கும் மகளுக்கு எழுதினேன். அவளுக்குத் தமிழ் வாரக்கடைசிப் பள்ளியில் வந்தது. பேசினால் ரயில்நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும். ஊருக்கு வந்தே பல வருடம் ஆகிறது. லோகநாதனை அவளுக்குத் தெரியாது, ஏகாம்பரத்தைக்கூடப் படத்தில் பார்த்தால்தான் அடையாளம் தெரியும். என் நீண்ட கடிதத்துக்கு ஒரே கேள்விதான் பதிலாக வந்தது. “அப்பா, தாங்கள் இதை உரியவரிடம் அறிவித்துவிட்டீர்களா?”

தை மாதம் காஞ்சிபுரம் போனோம். செவிலிமேட்டில் ஏகாம்பரம் கட்டியிருக்கும் புது வீட்டின் மாடியில் தங்கினோம். கடைக்குப் போனால், நுழைவாயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாம்பழ மஞ்சள் புடவை. அரக்குக் கரை, தாழம்பூ ரேக்கு. மேலே பலகை: ‘சப்தகன்னிப் பட்டு. ஏழே ஏழு. எட்டாவது கிடையாது.’ என் கணக்குப்படி பெட்டியில் இருந்ததே எட்டாவது.

அந்த ஏழு புடவையும் போன இடத்திலெல்லாம் பேர் வாங்கிவிட்டனவாம். அதற்கப்புறம் ஒவ்வொரு வடிவத்திலும் ஏழு மட்டும் நெய்து விற்கிறான். கனவில் ஏழு கன்னிப்பெண்கள் ஒரே சேலையில் வந்தார்கள் என்று வருகிறவர்களிடம் சொல்கிறான். லோகநாதனை எதற்காக விரட்டினானோ, அதுதான் இப்போது கடைக்குப் பெயர்.

மாடி அறையில் அவனைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னேன். தவறு என்னுடையது, லோகநாதன் மேல் துளிக் குற்றமும் இல்லை, நீ அதைக் கடையில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. “பெரிய மனசு மாமா உங்களுக்கு. அந்த ஆளு வந்து அழுதானா?”

இல்லை என்று மறுத்து, சுழியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினேன். கிடங்கு, கூவல், மயக்கம். பிள்ளையார் சுழியாலதான் தப்பு வந்துச்சுன்னு சொல்றீங்களா என்று முகம் மாறினான். சுழியில் தப்பில்லை, அதைப் புரிந்துகொள்ளாத என் நிரலில் தப்பு என்றேன்.

“சரி மாமா, அப்படியே வச்சிக்குவோம். அப்போ சப்தகன்னி யாரோட ஐடியா?”

யாருடையதும் இல்லை, அது பிழை என்றேன்.

“இதைக் கீழ சொல்லிடாதீங்க,” என்றான். குரலில் முதல்தடவையாக மரியாதையோடு பயமும் இருந்தது.

7

லோகநாதன் இப்போது செவிலிமேடு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆன்லைனில் விண்ணப்பமும் போட்டுத்தருகிறார். நான் போனபோது வரிசை தெருவரைக்கும் நின்றது. கூட்டம் அதிகம் என்பதால் அல்ல. ஒவ்வொன்றையும் அச்செடுத்து, வாய்விட்டுப் படித்துக்காட்டி, சரிதானா என்று கேட்டு, மறுபடி முதலிலிருந்து படித்து, அதற்கப்புறம்தான் பொத்தானை அழுத்துகிறார். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி அலுத்துக்கொண்டார். “கல்யாணத்துல மூணு முடிச்சு போட்டப்போ எங்க வீட்டுக்காரர்கூட இத்தினி தடவ கேக்கலை.”

என் முறை வந்தது. பட்டாவா, வருமானச் சான்றா என்று தலை நிமிராமல் கேட்டார். நான் என் பெயரைச் சொன்னேன். நாற்காலி எடுத்துப் போட்டார். வரிசையில் இருந்தவர்களைச் சாப்பாட்டுக்குப் பிறகு வரச்சொன்னார்.

அவரிடம் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சுழி என்றதுமே புரிந்துவிட்டது. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் ஏதோ தப்பா தட்டிட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். திருடலைன்னு எனக்குத் தெரியும். ஆனா சிஸ்டம் பூஜ்யம்னு காட்டுது, நீங்களும் சொல்லிட்டீங்க. அப்போ என் கைதானே?”

அதனால்தான் இந்தப் படிப்பு, இந்த அச்சு, இந்த வரிசை. தெருவில் அவருக்குப் பெயரே போணி லோகு. வீட்டிலும் நிம்மதி இல்லை. நெய்தவரிடம் கமிஷன் வாங்கி எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார் என்று மனைவி வீட்டார் இன்னும் நம்புகிறார்களாம்.

என்ன செய்ய வேண்டும், கேளுங்கள் என்றேன். பழைய வேலையை வாங்கித்தர முயல்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

“வேலை எதுக்கு சார். அன்னிக்கு ஸ்பீக்கர்ல சொன்னீங்க, கடையே கேட்டுக்கினு இருந்துச்சு. அதே கடையில, அதே மாதிரி சத்தமா சொல்லுங்க. போதும்.”

8

மறுநாள் காலை கடை திறந்ததும் போனேன். ஏகாம்பரம் வாசலிலேயே மறித்தான். போணி ஆகட்டும் மாமா, அதுக்கு முன்னால எதுவும் வேணாம் என்று கையைப் பிடித்துக்கொண்டான். அது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. நாற்பது வருடம் வெளிநாட்டில் இருந்தாலும் போணிக்கு முன் சண்டை போட எனக்கும் மனம் வரவில்லை. மோர் கொடுத்தார்கள். குடித்தேன்.

போணி ஆனபோது கடை நிறைந்துவிட்டது. திருப்பத்தூரிலிருந்து ஒரு கல்யாணக் கும்பல் வெள்ளை விரிப்பில் வட்டமாக உட்கார்ந்திருந்தது. தெருவை மறித்து நிற்கும் வண்டிகளை எடுக்கச் சொல்வதற்காகக் கல்லாவில் ஒரு மைக் உண்டு. ஏகாம்பரம் காபி சொல்ல உள்ளே திரும்பிய நேரத்தில் அதை எடுத்தேன். வாசலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில், லோகநாதன் நின்றிருந்தார்.

என் பெயரைச் சொன்னேன். இந்தக் கடையில் முன்பு ஒரு புடவை ஏழு பேருக்கு விற்றது, அதற்குக் காரணம் நான் எழுதிய மென்பொருள், லோகநாதன் ஒரு தவறும் செய்யவில்லை என்றேன். பிழை இருந்தால் மென்பொருளே சொல்லிவிடும் என்று நான் சொன்னது பொய், அது பொய் என்று தெரிந்தே சொன்னேன் என்றேன். கேஷ் என்றால் என்ன என்றும் விளக்க ஆரம்பித்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது. கூட்டத்தின் கவனம் போய்விட்டது. ஆனாலும் கடைசிவரை சொன்னேன்.

திருப்பத்தூர்க் கும்பலில் இருந்த பெரியம்மா கேட்டார்: “அந்த ஏழுல ஏதாச்சும் பாக்கி இருக்குதாப்பா?”

விளம்பரம் என்று நினைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் இருப்பதைக் காட்டச் சொன்னார்கள். விற்பனையாள் ஒருவர் அதை வெளியில் எடுத்து உதறினார். மணப்பெண் தோளில் போட்டுப் பார்த்தார்கள், பொருத்தமாகத்தான் இருந்தது. நான் மைக்கைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். ஏகாம்பரம் வந்து அதை வாங்கி, ஏதோ ஒரு வண்டியின் எண்ணைச் சொல்லி ஓரம்கட்டச் சொன்னான்.

அடுத்து நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். கடை ஆட்கள் நான் சொன்னதை முழுதாகக் கேட்டிருந்தார்கள். மாலைக்குள் அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். லோகநாதனும் வெளிநாட்டு மாமாவும் கூட்டு. பங்கில் ஏதோ தகராறு. அதனால்தான் கிழவர் இத்தனை வருஷம் கழித்து வந்து போட்டு உடைக்கிறார். காந்தி ரோடு முழுக்க இந்தக் கதை போனது. ஆட்டோக்காரர் ஒருவர், யாரென்று தெரியாமல், அதை என்னிடமே சொன்னார். திருடன் ஒருவன் என்றிருந்த இடத்தில் நான் போய் இருவராக்கிவிட்டு வந்திருந்தேன்.

மூன்றாவது கதை ஒன்றும் சுற்றுவதாகக் கமலா கேட்டுவந்து சொன்னாள். அதில் எனக்கு ஜெர்மனிக் குளிரில் மூளை கலங்கிவிட்டது. மூன்றில் அதுதான் மரியாதையானது என்றாள்.

மன்னிப்புக் கேட்க லோகநாதன் கடைக்குப் போக எனக்குத் தைரியமில்லை. இரண்டு நாள் கழித்து அவரே வந்தார், மனைவியோடு, தட்டில் பழம் வெற்றிலையோடு. கமலா காபி கொடுத்தாள். இன்னும் கெடுத்துவிட்டேன் என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

“ஊரு என்ன வேணா சொல்லட்டும் சார். அது பழகிடுச்சு. நேத்து பூரா யாருக்கும் எதையும் படிச்சுக் காட்டலை. தட்டினேன், அனுப்பினேன். ரெண்டு மணிக்கே வரிசை தீந்துடுச்சு. அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியாம தெருவைப் பாத்துக்கினு உக்காந்திருந்தேன்.”

அவர் மனைவி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்போ நெஜமாவே அந்தக் கமிஷனு வீட்ல எங்கயும் இல்லீங்களா?”

இல்லை என்றேன்.

“பரணைக்கூட ரெண்டு வாட்டி எறக்கிப் பாத்தேன்,” என்றார். ஏமாற்றத்தை மறைக்கவில்லை. லோகநாதன் சிரித்த சிரிப்பில் காபி வேட்டியெல்லாம் சிந்தியது. அவர் மனைவிக்கும் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன். கமலா எங்களைப் பார்த்துவிட்டுத் துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனாள்.

அவர்கள் படியிறங்கிப் போன பிறகு போன் அடித்தது. ஏகாம்பரம். கீழ்த்தளத்தில்தான் இருக்கிறான், அந்த இரண்டு நாளாக மாடிக்கு வரவில்லை. நான் எடுத்தேன்.

“சார், அக்கா இருக்காங்களா?” என்றான்.

இருக்கிறாள் என்று சொல்லி, போனைக் கமலாவிடம் கொடுத்தேன்.